பையனுக்கு லீவு இல்லாட்டி போகுது, நீங்க ரெண்டு பேரே மோன்செராட் மலைக்கு போயிட்டு வாங்க

கேள்வி: தம்பி வணக்கம். நாங்க வியாசர்பாடி. வீட்டுக்காரர் ரயில்வேல லோகோ பைலட்டா இருந்து ரிட்டையர் ஆனவர். பையன் பார்சிலோனால வேலை பாக்கறான், அக்டோபர்ல மூணு வாரம் வரச் சொல்லி டிக்கெட் போட்டிருக்கான். என்கூட பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்கு வர்ற பக்கத்து வீட்டம்மா, அந்த ஊர் கிட்ட மலை மேல ஒரு மடம் இருக்கு, அங்க கறுப்பு மாதா இருக்காங்க, அவங்கள பாக்காம வராதேன்னு சொல்லிட்டே இருக்காங்க. பையனுக்கு சனிக்கிழமைதான் ஃப்ரீ. காலைல கார்ல மலை, மத்தியானம் ஊருக்குள்ள அந்தப் பெரிய சர்ச், சாயந்தரம் ஷாப்பிங்னு பிளான் போட்டிருக்கான். மருமக டூர் பஸ்ஸுதான் ஈஸின்றா. வீட்டுக்காரர் ரயில்ல போனாதான் போறதுன்றார். எனக்கு போன வருஷம் வலது முட்டி ஆபரேஷன். நாங்க ஹிந்து, உள்ள விடுவாங்களா? வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டேன், சாப்பாடு கிடைக்குமா? பௌர்ணமி வெள்ளில மூணு அம்மனையும் ஒரே நாள்ல பாத்தவ நான், ஒரு நாள் அலைச்சல் எனக்கு பழக்கம்தான். எப்படி போனா நல்லதுன்னு சொல்லுங்க.

பதில்: அக்கா, வணக்கம். முதல்ல முடிவை சொல்லிடறேன், காரணம் அப்புறம் சொல்றேன். சனிக்கிழமை வேணாம், கார் வேணாம், டூர் பஸ் வேணாம், கோச்சுக்காம கேளுங்க, பையனும் வேணாம். ஒரு வார நாளா பாத்து நீங்களும் அண்ணனும் ரெண்டே பேர் ரயிலேறி போயிட்டு வாங்க. பாஷை தெரியாத ஊர்ல ரெண்டு பெருசுங்க தனியா எப்படின்னு உங்க பையன் கேப்பார். முப்பது வருஷம் ரயில் ஓட்டுன மனுஷன் ஒரு ரயில்ல ஏறி ஒரு ஸ்டேஷன்ல இறங்கி இன்னொரு ரயில் மாற மாட்டாரான்னு நான் கேட்டேன்னு சொல்லுங்க, அவ்ளோதான் அங்க வழியே.

மூணு அம்மன் கணக்கை இதுல போடாதீங்க அக்கா. காலைல மேலூர் திருவுடையம்மன், உச்சில திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயந்தரம் திருமுல்லைவாயல் கொடியிடையம்மன்னு அந்த நாள் முழுக்கவே அந்த மூணு தரிசனத்துக்குன்னு வெச்சதுதான், மூணும் சேர்ந்துதான் ஒரு வேண்டுதல். உங்க பையன் பிளான் அப்படி இல்ல, மலையை டிக் அடிச்சுட்டு கீழ ஓடி வர்ற பிளான். பார்சிலோனால இருந்து மலை அம்பது அறுபது கிலோமீட்டர்தான், மேப்ல பாத்தா காஞ்சிபுரத்தை விட கிட்ட இருக்கேன்னு தோணும், ஆனா மேல போய் சேரவே ஒன்றரை மணி நேரம் ஆயிடும், திரும்பவும் அதே. நடுவுல மலைக்கு அஞ்சு மணி நேரமாவது குடுக்கலேன்னா நீங்க பாத்துட்டு வர்றது பார்க்கிங்கும் கூட்டமும்தான். ஊருக்குள்ள இருக்கற அந்த பெரிய சர்ச் சக்ரதா ஃபமிலியா, அதுக்கும் டைம் போட்ட டிக்கெட் முன்னாடியே எடுக்கணும், அதுவே அரை நாள் வேலை, வேற நாள்ல வெச்சுக்கோங்க.

சனிக்கிழமை ஏன் வேணாம்னா, அந்த மடத்துல பசங்க பாட்டுக் குழு ஒண்ணு இருக்கு, எஸ்கொலானியான்னு பேரு. ஐரோப்பாவுலயே ரொம்ப பழைய சிறுவர் பாட்டுக் குழுல அதுவும் ஒண்ணு, எழுநூறு வருஷத்துக்கு கிட்ட ஓடிட்டிருக்கு. சுமாரா அம்பது பசங்க, அங்கயே தங்கி, அங்கயே படிச்சு, அங்கயே பாட்டு கத்துக்கறவங்க. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் மத்தியானம் ஒரு மணி வாக்குல கோயிலுக்குள்ள வந்து மாதாவுக்கு பாடிட்டு போவாங்க. பத்து நிமிஷம் கூட முழுசா ஆகாது, ஆனா அந்த கல் கட்டடத்துல அந்த சத்தம் மேல ஏறி திரும்பி வர்றத கேட்டா, நீங்க எந்த சாமி கும்பிடறவங்களா இருந்தாலும் ஒரு நிமிஷம் கண்ணு மூடிடும். சனிக்கிழமை பொதுவா அவங்க பாடறதில்ல. ஒருதடவ நான் ஒரு குரூப்பை சனிக்கிழமை இட்டுக்கினு போயிட்டேன், ஒரு மணி வரைக்கும் உக்காந்து உக்காந்து பாத்துட்டு ஒரு பாட்டியம்மா எங்கிட்ட கேட்டாங்க, தம்பி பசங்களுக்கு இன்னிக்கு ஸ்கூல் லீவான்னு. ஆமா அதேதான். நீங்க போறது அக்டோபர்ன்றதால பிரச்சனை இல்ல, ஜூலைல போறவங்கதான் கவனிக்கணும், அப்ப பசங்களுக்கு பெரிய லீவு. எதுக்கும் போற நாளைக்கு பாட்டு உண்டான்னு மடத்தோட சொந்த வெப்சைட்ல காலண்டர் பாத்துடச் சொல்லுங்க, சில நாள் வெளியூர்ல பாட போயிடுவாங்க.

இன்னொண்ணு, அக்டோபர் 12ஐ தவிர்த்துடுங்க. அது அந்த நாட்டுக்கே தேசிய தினம், எல்லாருக்கும் லீவு, மலை மேல நம்ம ஆடிக் கிருத்திகை மாதிரி இருக்கும்.

டூர் பஸ் பத்தி மருமக சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன், நானே பஸ் டூர் வித்துத்தான் சோறு திங்கறேன். அதனாலயே சொல்றேன். அரை நாள் டூர்ல மேல நிக்கற நேரம் ரெண்டு ரெண்டரை மணி, அதுல அரை மணி கைடு கொடி புடிச்சு எல்லாரையும் சேக்கறதுல போயிடும், உங்க முட்டிக்காக முப்பது பேர் நிக்க மாட்டாங்க, நீங்களும் அவங்களுக்காக வேகமா நடக்கப் பாப்பீங்க, அன்னிக்கு ராத்திரி முட்டி வீங்கி உக்காந்திருப்பீங்க. முட்டி ஆபரேஷன் ஆனவங்களுக்கு தேவை ஒரே ஒரு விஷயம்தான், உக்காரணும்னு தோணும்போது உக்கார்ற சுதந்திரம். அது பஸ்ஸுல இல்ல.

கார்ல போகலாம், தடை இல்ல. மேல வரைக்கும் ரோடு இருக்கு, ஆனா லீவு நாள்ல பார்க்கிங்குக்கு ரோட்டோரமா வரிசை நிக்கும், இடம் கிடைச்ச எடத்துல இருந்து கோயிலுக்கு ஏத்தத்துல நடக்கணும். விவரம் தெரிஞ்சவங்க கீழ மோனிஸ்ட்ரோல் விலான்ற ஸ்டேஷன் வாசல்ல பெரிய பார்க்கிங்ல வண்டிய போட்டுட்டு மலை ரயில்ல ஏறிடுவாங்க. அதுக்கு முதல்லயே ரயில்ல போயிடலாமே.

இப்ப அண்ணனுக்கு. அண்ணே, இதை நீங்களே படிங்க. பார்சிலோனால பிளாசா எஸ்பான்யான்னு ஒரு ஸ்டேஷன், மெட்ரோவுல சிவப்பு லைனும் பச்சை லைனும் அங்க சேரும். அங்க இறங்கி வெளிய வராம உள்ளயே ஆர்5 போர்டை ஃபாலோ பண்ணிட்டு போனா இன்னொரு ரயில்வே வரும், எஃப்ஜிசின்னு பேரு, பார்சிலோனா இருக்கற காட்டலோனியா மாகாண அரசாங்கத்தோடது. மன்ரேசா போற ஆர்5 வண்டிதான் உங்க வண்டி, பொதுவா மணிக்கு ஒண்ணு. 36வது நிமிஷத்துல கிளம்பறது ரொம்ப வருஷமா வழக்கம், 8.36, 9.36 அப்படி. ஆனாலும் போற வாரம் ஒருதடவ டைம்டேபிள் பாத்துடுங்க, டைம்டேபிள் மாறும்ன்றது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த லைன் மீட்டர் கேஜு அண்ணே. கரண்ட் 1500 வோல்ட் டிசி. நம்ம பீச் தாம்பரம் லைன்ல 1931ல எலக்ட்ரிக் ரயில் விட்டப்போ எப்படி இருந்துச்சோ அதே மீட்டர் கேஜ், அதே 1500 வோல்ட் டிசி, நம்மது ஏசி ஆகி பிராட் கேஜ் ஆகி போயிடுச்சு, அவங்க அதையே வெச்சு ஜம்முன்னு ஓட்டிட்டிருக்காங்க. கேபின் பக்கத்துல நின்னு எட்டிப் பாக்க ஆசைப்படுவீங்க, பாருங்க, ஆனா பர்ஸை முன் பாக்கெட்ல வெச்சுட்டு பாருங்க. பார்சிலோனா மெட்ரோ பிக்பாக்கெட்டுக்கு பேர் போனது, பாரிமுனை பஸ்ல கூட்டத்துல எப்படி பைய நெஞ்சோட அணைச்சுப்பீங்களோ அப்படி.

அக்காவை இடது பக்க ஜன்னல்ல உக்கார வைங்க. ஒரு அம்பது நிமிஷம் சாதாரண ஊர், ஃபேக்டரி, ஆத்தங்கரைன்னு போகும், அப்புறம் திடீர்னு இடது பக்கம் மலை எழும்பும். மோன்செராட்னா அவங்க காட்டலான் பாஷைல ரம்பத்தால அறுத்த மலைன்னு அர்த்தம். பேர் வெச்சவன் சரியாத்தான் வெச்சிருக்கான், ரம்பப் பல்லு மாதிரி மொட்ட மொட்டயா உருண்டு நீண்ட பாறை, நம்ம திருவண்ணாமலை மாதிரியும் இல்ல, நீலகிரி மாதிரியும் இல்ல. கிட்ட போய் பாத்தா பாறையே கான்கிரீட் போட்ட மாதிரி இருக்கும், கூழாங்கல்லும் சாந்தும். ரொம்ப ரொம்ப முன்னாடி அங்க கடல் இருந்துச்சாம், ஆறுங்க அடிச்சிட்டு வந்த கூழாங்கல்லு முகத்துவாரத்துல சேந்து இறுகி, அப்பால நிலம் மேல எழும்பி, தண்ணியும் காத்தும் வெடிப்பு வெடிப்பா அறுத்து இப்படி ஆயிடுச்சு. எண்ணூர் முகத்துவாரம் ஒரு நாள் மலை ஆச்சுன்னா எப்படி இருக்கும்னு நெனச்சுக்கோங்க, அதுல என்னென்ன சாம்பலும் கசடும் சேந்திருக்கும்ன்றத விடுங்க.

இப்பதான் முக்கியமான எடம், இங்கதான் நான் மாட்டினேன். அந்த ஆர்5 வண்டில மலைக்கு ரெண்டு ஸ்டேஷன் அடுத்தடுத்து வரும். முதல்ல வர்றது ஆயெரி, அங்க இறங்கினா ரோப் கார். அதுக்கு அடுத்தது மோனிஸ்ட்ரோல் டி மோன்செராட், அங்க இறங்கினா பல்சக்கர ரயில், கிரெமயேரான்னு சொல்லுவாங்க. ஆர்5 டிக்கெட்டோட சேத்து வாங்கும்போதே எதுல ஏறப் போறோம்னு சொல்லித்தான் வாங்கணும், ரோப் கார் டிக்கெட் ரயிலுக்கு செல்லாது, ரயில் டிக்கெட் ரோப் காருக்கு செல்லாது, ரெண்டும் வேற வேற கம்பெனி. முதல் தடவ நான் காசிமேட்டுல இருந்து பதினாலு பேரை லூர்து, ஃபாத்திமா எல்லாம் காட்டிட்டு கடைசியா இங்க கூட்டிட்டு போனேன், கையில இருந்தது ரயில் டிக்கெட், ஜன்னல் வழியா மஞ்சள் கலர் ரோப் கார் தொங்கறத பாத்ததும் வந்துடுச்சு வந்துடுச்சுன்னு நானே கத்தி அத்தனை பேரையும் ஆயெரில இறக்கி விட்டுட்டேன். வண்டி போயிடுச்சு. ரோப் கார்காரன் டிக்கெட்டை திருப்பி திருப்பி பாத்துட்டு தலையாட்டிட்டான். அடுத்த வண்டி ஒரு மணி நேரம் கழிச்சு. பதினாலு பேருக்கும் என் கைக்காசுல ரோப் கார் டிக்கெட் எடுத்தேன். குரூப்ல ஒரு பெரியவர், கட்டுமரம் ஓட்டினவர், இன்னாப்பா நடுக்கடல்ல எறக்கி வுட்டா மாதிரி வுட்டுட்ட, இதுக்குத்தான் உனக்கு துட்டு குடுத்தமான்னு கேட்டார். பதில் இல்ல எங்கிட்ட. அதனால இறங்க வேண்டிய ஸ்டேஷன் பேரை பையன்கிட்ட இங்கிலீஷ் எழுத்துல பெரிசா ஒரு பேப்பர்ல எழுதி வாங்கி சட்டைப் பையில வெச்சுக்கோங்க, போன் சார்ஜ் போகும், பேப்பர் போகாது.

உங்களுக்கு எது? பல்சக்கர ரயில்தான், யோசிக்கவே வேணாம். ரோப் கார் 1930ல கட்டினது, அஞ்சே நிமிஷத்துல ஐநூறு மீட்டருக்கு மேல தூக்கிட்டு போயிடும், பாக்க பிரமாதம், ஆனா ஒரு பெட்டில முப்பத்தஞ்சு பேர் வரைக்கும் ஏத்துவாங்க, நின்னுட்டேதான் போகணும், கூட்டம் இருந்தா கீழயும் வரிசைல நிக்கணும். பழனில ரோப் காருக்கு நின்ன அனுபவம் இருந்தா தெரியும். ரயில்னா உக்காந்துட்டு போகலாம், ஏறி எறங்க உசரம் இல்ல, கால்மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும். அஞ்சு கிலோமீட்டர் லைன். அண்ணனுக்கு இதுவும் புடிக்கும், நடுவுல பல்லு வெச்ச தண்டவாளம் ஆப்ட் முறை, நம்ம மேட்டுப்பாளையம் ஊட்டி ரயில் கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் புடிச்சு ஏறுதே அதே ஸ்விஸ் இன்ஜினியரோட முறை. இதுவும் மீட்டர் கேஜ். முதல்ல 1892ல நீராவில ஓடுச்சு, ரோடும் ரோப் காரும் வந்து கூட்டம் குறைஞ்சு 1957ல மூடிட்டாங்க, அப்புறம் புதுசா போட்டு 2003ல திரும்ப ஓட விட்டாங்க. மூடின மலை ரயிலை நாப்பத்தாறு வருஷம் கழிச்சு திரும்ப எழுப்பினவங்க. இந்த ஒரு வரிக்காகவே அண்ணன் அந்த ஊரை மன்னிச்சு பாராட்டுவார்.

ரெண்டுலயும் போய் பாக்கணும்னு ஆசைப்பட்டு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு கலக்காதீங்க, டிக்கெட் சிக்கல்தான் மிச்சம். மெட்ரோ, ஆர்5, மலை ரயில், மேல இருக்கற விஞ்ச் எல்லாம் சேத்து ஒரே டிக்கெட்டா டிரான்ஸ் மோன்செராட்னு விக்கறாங்க, அதை வாங்கிடுங்க. சாப்பாடும் மியூசியமும் சேத்து டோட் மோன்செராட்னு ஒண்ணு இருக்கும், அது உங்களுக்கு தேவையில்ல, சாப்பாட்டுக் கதைக்கு அப்புறம் வரேன்.

8.36 வண்டி புடிங்க. பத்து மணிக்கு முன்ன பின்ன மேல இருப்பீங்க. மடம் இருக்கற எடம் 720 மீட்டர் உசரம்தான், நம்ம ஏலகிரியை விட கம்மி, மூச்சு வாங்காது. ஆனா பார்சிலோனாவை விட குளிரும், காலைல மூட்டமாவும் இருக்கும், ஒரு ஸ்வெட்டரும் குடையும் எடுத்துக்கோங்க. மூட்டமா இருக்கேன்னு கவலப்படாதீங்க, பல நாள் பதினொரு மணிக்கு மேல விலகிடும். ஸ்டேஷன்ல இருந்து கோயில் வாசலுக்கு கிட்டதான், ஆனா ஏத்தம். படியும் இருக்கு, சாய்வுப் பாதையும் இருக்கு, நீங்க சாய்வுல போங்க, அவசரமே இல்ல. இறங்கினதும் முதல் வேலையா கீழ போற கடைசி ரயில் எத்தனை மணிக்குன்னு போர்டை போட்டோ எடுத்துக்கோங்க, சீசனுக்கு சீசன் மாறும்.

உள்ள விடுவாங்களான்னு கேட்டீங்க. தாராளமா விடுவாங்க. யாரும் மதம் கேக்க மாட்டாங்க. புடவைல போனா டிரஸ் பிரச்சனையும் இல்ல, தோளும் முட்டியும் மூடியிருந்தா போதும். இப்போ கோயிலுக்குள்ள சுத்திப் பாக்கவும், மாதா கிட்ட போகவும், பசங்க பாட்டு கேக்கவும் ஆன்லைன்ல டைம் குறிச்சு டிக்கெட் எடுக்கணும், அதை பையன் தலைல கட்டுங்க, கூட வராததுக்கு அந்த வேலையாவது செய்யட்டும். பாட்டுக்கு ஸ்லாட் போட்டுட்டு, அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ மாதாவைப் பாக்கற மாதிரி வெச்சுக்கோங்க.

மாதா சின்ன சிலைதான், ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. மரத்துல செஞ்சது, பன்னெண்டாம் நூற்றாண்டு கடைசி. மடில குழந்தை, குழந்தை கைல பைன் மரத்துக் காய், மாதா வலது கைல ஒரு உருண்டை, உலகம்னு அர்த்தம். சுத்தி கண்ணாடி போட்டிருக்காங்க, அந்த உருண்டை இருக்கற எடத்துல மட்டும் திறந்து விட்டிருப்பாங்க, எல்லாரும் அதைத் தொட்டுத்தான் கும்பிடுவாங்க. ஏன் கறுப்புன்னா, முகத்துக்கு அடிச்ச வண்ணமும் வார்னிஷும் வருஷக்கணக்குல கறுத்துப் போச்சு, மெழுகுவத்திப் புகையும் சேந்துச்சு, பிற்காலத்துல ரிப்பேர் பண்ணவங்க கறுப்பாவே வண்ணம் அடிச்சிட்டாங்கன்னு சொல்றாங்க. அந்த ஊர் ஜனங்க அவங்களை லா மொரெனேட்டான்னு கூப்பிடுவாங்க, செல்லமா கறுப்பின்னு அர்த்தம், நம்ம கருப்பாயின்னு கூப்பிடற மாதிரி. காட்டலோனியாவுக்கே பாதுகாவலின்னு 1881ல போப்பே அறிவிச்சிருக்கார். அவங்க சொல்ற கதையும் உங்களுக்கு கேட்ட கதையாத்தான் இருக்கும். 880ல மேய்க்கற பசங்க மலைல வெளிச்சம் பாத்தாங்களாம், குகைல சிலை கிடைச்சுதாம், பிஷப் கீழ ஊருக்கு எடுத்துட்டுப் போகப் பாத்தா சிலை கனத்துப் போய் நகர மாட்டேன்னு உக்காந்துக்கிச்சாம். நம்ம பக்கம் எத்தனை அம்மன் இப்படி அடம் புடிச்சிருக்காங்க. மடத்தை ஒலிபான்ற துறவி ஆரம்பிச்சது 1025ல, நம்ம ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு கப்பல் விட்ட அதே வருஷம். 1811, 1812ல நெப்போலியன் படை வந்து எரிச்சு இடிச்சுப் போட்டுட்டாங்க, அதனால நீங்க பாக்கப் போற கட்டடம் பாதிக்கு மேல பின்னாடி கட்டினது, ஆயிர வருஷக் கல்லுன்னு நெனச்சு எல்லாத்தையும் தடவாதீங்க. இன்னொரு விஷயம், நுங்கம்பாக்கம் லயோலா காலேஜ் இருக்குல்ல, அந்த பேருக்கு சொந்தக்காரர் இக்னேஷியஸ் லயோலா, சிப்பாயா இருந்தவர், 1522ல இந்த மாதா முன்னாடிதான் ராத்திரி முழுக்க முழிச்சிருந்து கத்திய வெச்சுட்டு துறவியாப் போனார். பக்கத்து வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க.

முட்டி விஷயம் இங்கதான். சிலை இருக்கறது பலிபீடத்துக்கு மேல மாடில, கோயிலோட வலது பக்க வாசல் வழியா வரிசையா போய் படி ஏறணும். படி நிறைய இல்ல, ஆனா வரிசை நின்னு நின்னு நகரும், படிலயே நிக்க வேண்டி வரும், ஆபரேஷன் காலுக்கு ஏறறத விட நிக்கறதுதான் கஷ்டம். வாசல்ல இருக்கற ஸ்டாஃப்கிட்ட முதல்லயே முட்டியைக் காட்டி சொல்லிடுங்க. அன்னிக்கு வலி இருந்தா ஏறவே வேணாம், கோயிலுக்குள்ள பெஞ்சுல உக்காந்து நிமிந்து பாத்தா மேல கண்ணாடிக்குள்ள நேரா தெரிவாங்க, அண்ணன் மட்டும் ஏறிப்போய் உங்களுக்கும் சேத்து தொட்டுட்டு வரட்டும். வெளிய வர்ற வழில ஒரு பாறைச் சுவரோரம் கலர் கலரா மெழுகுவத்தி ஏத்தற சந்து இருக்கு, பக்கத்து வீட்டம்மா பேர்ல ஒண்ணு ஏத்துங்க.

பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல கேன்டீனுக்கு ஓடுவாங்க, நீங்க ஓடாதீங்க. சாப்பாடு உங்க பைலயே இருக்கட்டும். மருமக வீட்டுலயே எலுமிச்ச சாதமோ புளி சாதமோ கட்டிட்டுப் போங்க, வெளிய பெஞ்சுல மலையைப் பாத்து உக்காந்து சாப்பிடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வெள்ளிக்கிழமையா இருந்தா அதுதான் நிம்மதி, அங்க கேன்டீன்ல பாதி ஐட்டம் ஹாம் இல்லாம வராது, காய்ன்னு நெனச்சு எடுத்தா உள்ள டூனா மீன் இருக்கும். கடைல வாங்கியே ஆகணும்னா தக்காளிய தேய்ச்சு ஆலிவ் ஆயில் ஊத்தின ரொட்டி கேளுங்க, அந்த ஊர் சொந்த சாப்பாடு, சுத்த சைவம். அப்புறம் ரோட்டோரமா வரிசையா பாட்டிங்க கடை போட்டு தேன், அத்திப்பழம், மத்தோன்னு ஒரு வெள்ளைப் பாலாடைக்கட்டி வெச்சிருப்பாங்க. உப்பில்லாத நம்ம பன்னீர் மாதிரி இருக்கும், தேன் ஊத்தித் தருவாங்க. அதை மட்டும் விடாதீங்க.

சாப்பிட்டதும் சான்ட் ஜோவான் விஞ்ச் ஏறுங்க. பழனி விஞ்ச் மாதிரிதான், ஆனா செங்குத்து, 65 சதவீத சரிவு, 1918ல போட்டது, 250 மீட்டர் மேல தூக்கும். மேல போனா மடம் காலடில தீப்பெட்டி மாதிரி கிடக்கும், வானம் சுத்தமா இருந்தா தூரத்துல பிரெனீஸ் மலைத்தொடரே தெரியும். அங்கயே உக்காருங்க. அங்கிருந்து சான்ட் ஜெரோனி உச்சி, 1236 மீட்டர், அதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல நடைபாதை, கடைசில படி படியா வரும், அது உங்களுக்கு இல்ல. கீழ மடத்துக்கு நடந்தே இறங்கலாம்னு யாராவது ஆசை காட்டுவாங்க, அதுவும் வேணாம், முட்டிக்கு ஏத்தத்த விட எறக்கம்தான் எதிரி. சிலை கிடைச்ச குகை சான்ட்டா கோவாவும் அப்படித்தான், போக வர நடை ஜாஸ்தி, வழி முழுக்க சிற்பம் இருக்கும், ஒண்ணு அந்த சக்ரதா ஃபமிலியா கட்டின கௌடியோடது, ஆனா விட்டுடுங்க. இந்த நடை ரெண்டையும் பையனும் மருமகளும் ஒரு சனிக்கிழமை தனியா போய் பண்ணட்டும், அவங்களுக்கும் ஒரு நாள் தனியா வேணும்ல.

மியூசியத்துல பிக்காசோ, தாலி, கரவாஜ்ஜியோ எல்லாம் இருக்கு. ஓவியத்துல ஆசை இருந்தா போங்க, இல்லேன்னா போகாதீங்க, குத்த உணர்ச்சி வேணாம்.

மூணு மணிக்கு மேல ஒரு விஷயம் நடக்கும், டூர் பஸ்ஸெல்லாம் கிளம்பிடும். சந்தையா இருந்த எடம் சட்டுனு அடங்கிடும், அப்ப முற்றத்துல போய் சும்மா உக்காருங்க, பாறை மேல வெயில் சாயறத பாருங்க. நான் கூட்டிட்டுப் போற குரூப்புங்க கிட்ட அந்த நேரத்துலதான் வாய்ல வார்த்தையே வராது, அதுவரைக்கும் பேசிட்டே இருந்தவங்க. அஞ்சு மணி வாக்குல கீழ இறங்கினா ஏழுக்குள்ள பார்சிலோனா வந்துடலாம்.

கடைசியா ரெண்டு சில்லறை விஷயம். முட்டில வெச்சிருக்கற உலோகம் ஏர்போர்ட்ல கத்தும், ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் வாங்கி பாஸ்போர்ட்டோட வெச்சுக்கோங்க, லெட்டர் இருந்தாலும் தடவிப் பாக்கத்தான் செய்வாங்க, பதறாதீங்க. மலைல வாங்கற தேன் பாட்டிலை ஊருக்கு எடுத்துட்டு வந்தா பெரிய பெட்டில புடவைக்குள்ள சுத்தி வைங்க, கைப்பைல வெச்சா செக்கிங்ல புடுங்கி குப்பைல போட்டுடுவாங்க, ரெண்டு தடவ எனக்கே போயிருக்கு. மத்தோவை கொண்டு வரப் பாக்காதீங்க, அது மெட்ராஸ் வெயிலைப் பாக்கற வரைக்கும் தாங்காது, அங்கயே ரெண்டு கப்பா சாப்பிட்டுட்டு வாங்க.